கழுகுக் காட்சியா, கூண்டா, கண்மாய்க்கரையா: பிள்ளைகளுடன் புறப்படும் முன் ஓர் ஒப்பீடு

கோடை விடுமுறை தொடங்கியதும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோனாபட்டு என்று நம் பகுதியின் எந்த ஊரிலிருந்தும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருக்கும் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் அப்பத்தா, ஐயா, பேரப்பிள்ளைகள் என்று குடும்பமாகப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. போகிற ஊரில் பிள்ளைகளுக்காகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிகளில் ஒன்று, கழுகு, பருந்து, ஆந்தை முதலிய வேட்டைப் பறவைகளைக் கூட்டத்தின் தலைக்கு மேலாகப் பறக்கவிட்டுக் காட்டும் நேரடிக் காட்சி. பள்ளியில் உயிரியல் கற்பித்தவள் என்பதால் இதைப் பற்றி என்னிடம் கேட்கும் பெற்றோர் பலர். கழுகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதா என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. பூங்காவே நடத்துகிற காட்சியில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படும்படி, வேட்டைப் பறவைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட நம் குடும்பங்களுக்கு இருக்கும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதல் வழி, சிங்கப்பூரில் நடப்பதைப் போன்ற திறந்தவெளி அரங்கக் காட்சி. இரண்டாவது, துபாய்ப் பாலைவனச் சுற்றுலாவில் வல்லூறைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்வது. மூன்றாவது, வண்டலூர் போன்ற உயிரியல் பூங்காவில் கம்பி வலைக்கு அப்பால் இருக்கும் பறவையைப் பார்ப்பது. நான்காவது, நம் ஊர்க் கண்மாய்க்கரையிலும் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்திலும் தம் விருப்பப்படி பறக்கும் பறவைகளைத் தொலைநோக்கியால் பார்ப்பது. என் முடிவை மறைத்து வைக்க வேண்டிய தேவை இல்லை. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான்காவதே முதல் இடம். அரங்கக் காட்சியைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம். கையில் ஏந்திப் படம் எடுப்பதைப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். இந்த வரிசைக்குக் காரணம் பறவைக்கும் பிள்ளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும், அந்த இடைவெளியை முடிவு செய்கிறவர் யார் என்பதும்தான்.

முதலில் தூக்கிச் செல்லும் அச்சத்தைத் தீர்த்துவிடலாம். பூங்காவில் விளையாடும் குழந்தையைப் பொன்னாங்கழுகு ஒன்று கவ்வித் தூக்கும் காணொளி இன்றும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2012 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக் கணினி வரைகலை மாணவர்கள் பயிற்சிக்காக உருவாக்கிய படம். கழுகும் குழந்தையும் அதில் வரைகலையே என்று அவர்களின் கல்லூரியே அறிவித்தது. பெரிய கழுகுகளின் எடையே பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு கிலோவுக்குள் அடங்கிவிடும். தன் எடையைவிடக் குறைந்த சுமையைத்தான் அவற்றால் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு பறக்க முடியும். ஆகவே நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் என்ற கவலையை விட்டுவிடலாம். விட்டுவிடக் கூடாத கவலை முகமும் கண்ணும் பற்றியது.

வேட்டைப் பறவையின் வலிமை காலில் இருக்கிறது. கழுகும் பருந்தும் இரையைக் கொல்வது அலகால் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை நகத்தால் பிடித்து நெரித்தே கொல்கின்றன, அலகு பெரும்பாலும் கிழித்துத் தின்பதற்குத்தான். விரல் மடங்கியதும் கால் தசைநார்கள் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் அமைப்பு அவற்றுக்கு உண்டு. பிடிக்குள் அகப்பட்டது திமிறினால், சுருக்குக் கயிறு இழுக்க இழுக்க இறுகுவதைப் போல அந்தப் பிடி மேலும் இறுகும். ஒரு பிள்ளையின் தலையையோ கையையோ பறவை பிடித்துவிட்டால் பெற்றோர் இயல்பாகச் செய்வது பிள்ளையை வெடுக்கென்று இழுப்பது. காயத்தை ஆழப்படுத்துவதும் அதுவே. பிள்ளையை அசையாமல் அணைத்து வைத்துக்கொண்டு, பயிற்றுநர் வந்து விரல்களைப் பிரிக்கும் வரை காத்திருப்பதுதான் சரி. காட்சிக்குப் போகும் ஒவ்வொரு பெற்றோரும் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கணத்தில் யோசிப்பதற்கு நேரம் இருக்காது.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2016 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனப் பூங்காவில், காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஆப்புவால் கழுகு ஒன்று பார்வையாளர் கூட்டத்தில் இருந்த ஒரு சிறுவனின் தலையைப் பற்றியது. சிறுவனுக்கு மேலோட்டமான காயங்களே ஏற்பட்டன. அந்தக் கழுகு காட்சியிலிருந்து விலக்கப்பட்டது. பூங்காவும் விசாரணையை அறிவித்தது. நேரில் பார்த்த ஒருவர், அந்தச் சிறுவன் தன் மேற்சட்டையின் ஜிப்பை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஜிப்தான் காரணம் என்று உறுதியாக யாரும் நிறுவிவிடவில்லை. ஆனாலும் வேட்டைப் பறவையின் கவனம் எதன்மேல் விழும் என்பதை அறிந்தவர்களுக்கு அது நம்பக்கூடிய விளக்கமே. கூட்டத்தில் மற்றவர்கள் அசையாமல் இருக்க, சிறிதாக ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப அசைந்து ஒலி எழுப்பினால் பறவையின் கண் அங்கே போய் நிற்கும். பிள்ளைகள்தான் அப்படி அசைகிறவர்கள்.

இங்கே காட்சிப் பறவைகளைப் பழக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். நாய் எசமானின் அன்புக்காகக் கட்டளைக்குப் பணியும். கழுகிடம் அந்தக் குணம் இல்லை. இறைச்சித் துண்டு கிடைக்கும் என்பதற்காகத்தான் அது ஒரு கையுறையிலிருந்து இன்னொரு கையுறைக்குப் பறக்கிறது. எனவே பயிற்றுநர்கள் ஒவ்வொரு பறவையையும் தினமும் தராசில் நிறுத்துப் பார்த்து, நலம் கெடாமல் ஆனால் உணவில் நாட்டம் இருக்கும்படியான ஓர் எடையில் வைத்திருக்கிறார்கள். இதை நேர்மையாகச் செய்யும் இடங்களில் பறவை திடமாகவும் இணக்கமாகவும் இருக்கிறது. எடையை அளவுக்கு மீறிக் குறைத்தால் பறவைக்குக் கொடுமை. அத்தோடு நமக்கும் ஆபத்து, ஏனென்றால் மிகுந்த பசியில் இருக்கும் பறவை எது உணவு, எது உணவில்லை என்று நிதானித்துப் பார்ப்பதில்லை. குஞ்சிலிருந்தே மனிதக் கையில் வளர்ந்த பறவைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது மனிதரைக் கண்டு ஒதுங்காது. காட்டுப் பறவைக்கு நம்மிடம் இருக்கும் அச்சமே நமக்குப் பெரிய பாதுகாப்பு; அந்த அச்சத்தை நீக்கிய பிறகுதான் அதை அரங்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 1971-இல் திறக்கப்பட்ட ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் பேர்ட் பாரடைஸ் என்ற பெயரில் 17 ஹெக்டேர் பரப்பில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,500 பறவைகள் அங்கே உள்ளன. வேட்டைப் பறவைகளுக்கென்று தனிக் காட்சி ஒன்றும் அங்கே நடக்கிறது. அரங்கம் சுமார் இரண்டாயிரம் பேர் அமரக்கூடியது. இத்தகைய பெரிய பூங்காவில் கால்நடை மருத்துவர்களும் பயின்ற பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். சாலையோரக் கண்காட்சிகளோடு ஒப்பிட்டால் இங்கே ஆபத்து மிகவும் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நான் ஏற்கும் காரணமும் இதுவே. ஆனாலும் எவ்வளவு தேர்ந்த பயிற்றுநரானாலும் வானில் இருக்கும் பறவையின் மேல் அவருக்குக் கயிறு கிடையாது. பலத்த காற்றோ, எதிர்பாராத ஒலியோ, அரங்கத்தின் மேல் பறந்துவிட்ட காட்டுப் பருந்தோ பறவையின் பாதையை மாற்றிவிடும். காற்று அதிகமானால், மழை வந்தால் காட்சியை நிறுத்துகிற பூங்காவை நம்பலாம். காசு வாங்கிவிட்டோம் என்பதற்காக எப்படியும் நடத்தி முடிக்கிற இடத்தை நம்பக் கூடாது. பறவை மரத்தில் போய் உட்கார்ந்து வர மறுக்கும்போது பயிற்றுநர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். சிரித்த முகத்தோடு, அது வர விரும்பவில்லை என்று அறிவித்துவிட்டு அடுத்த பறவைக்குப் போகிறவர் நல்ல பயிற்றுநர்.

அரங்கத்தில் எங்கே உட்காருவது என்பது நம் கையில் இருக்கும் பெரிய முடிவு. நம்மவர்கள் முன்வரிசைக்கு ஓடுவார்கள், அல்லது பறவை தலையைத் தொட்டுச் செல்லும் நடுப்பாதையின் ஓரத்தைப் பிடிப்பார்கள். காட்சி தொடங்குவதற்கு முன் பயிற்றுநர்கள் நிற்கும் இடங்களைக் கவனித்தால், பறவை எந்த இரு புள்ளிகளுக்கு இடையே பறக்கப்போகிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கோட்டுக்கு நேர்கீழே பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். பக்கவாட்டில், மேல்வரிசைக்குக் கீழே, நடுவரிசை ஒன்றில், பெரியவர் இருவருக்கு நடுவே பிள்ளை அமர்வதே நல்லது. மேல்வரிசையும் எப்போதும் பாதுகாப்பானதன்று, ஏனென்றால் பல அரங்கங்களில் பறவையை முதலில் விடுவிப்பது கூட்டத்துக்குப் பின்னாலிருந்துதான். தின்பண்டப் பையை மூடியே வைத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோன மகிழம்பூ முறுக்கையும் சீப்புச் சீடையையும் காட்சி நடுவே பிரிப்பது நமக்குச் சாதாரணம். சரசரக்கும் உறையும் வாய்க்கு அருகே போய்வரும் கையும் உணவுக்காகவே பறக்கப் பழகிய பறவைக்கு வேறு பொருள் தரும். ஜப்பானின் காமகுரா கடற்கரையில் கரும்பருந்துகள் மனிதர் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கிச் செல்வதும், அதற்கு எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்பட்டிருப்பதும் பலர் அறிந்தது. பழக்கப்படாத காட்டுப் பறவைகளே அப்படிச் செய்கின்றன. கைப்பேசியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிப்பது, பறவை வரும்போது எழுந்து நிற்பது, தொப்பியை ஆட்டுவது, காற்றில் அலையும் துப்பட்டாவைக் கட்டாமல் விடுவது, இவையெல்லாம் தவிர்க்க வேண்டியவை. கைக்குழந்தையைக் காட்சிக்குள் கொண்டுபோகவே வேண்டாம். அதற்கு எதுவும் தெரியப்போவதுமில்லை, அழுகையும் திமிறலும் நம் கட்டுப்பாட்டில் இருக்கப்போவதுமில்லை.

பார்வையாளரில் ஒருவரை மேடைக்கு அழைத்துக் கையுறை மாட்டிவிடும் பகுதி சில காட்சிகளில் வரும். நம் பிள்ளையை அனுப்புவதா என்பதை அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கேட்கும் நேரத்தில் முடிவு செய்யக் கூடாது, அந்தக் கைதட்டலுக்கு நடுவே யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுப் போக வேண்டும். என்னைக் கேட்டால், பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை மேடைக்குப் போக வேண்டியதில்லை.

இதற்குள்ளேயே மேலான ஒரு வகை உண்டு. பெரிய பூங்காக்கள் பலவற்றில் அது நடக்கிறது, ஆனால் சுற்றுலாப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பயிற்றுநர் ஒருவர் பறவையைக் கையுறையில் வைத்துக்கொண்டு, கயிற்றுத் தடுப்புக்கு அப்பால் நின்று, அதன் கண், இறகு, கால், உணவு பற்றிப் பேசுவார். பறவை கூட்டத்தின் மேல் பறக்காது. பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். பறவை கண்முன்னே சில அடி தூரத்தில் அசையாமல் இருப்பதால் அதன் இமை மூடுவதும் கழுத்தைத் திருப்புவதும் தெளிவாகத் தெரியும். பறக்கும் காட்சியில் கிடைப்பது சில நொடி வியப்பு; இங்கே கிடைப்பது அறிவு. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள்.

துபாய் வழியை விரைவாகவே ஒதுக்கிவிட முடியும், ஆனால் காரணம் சொல்லாமல் ஒதுக்குவது நியாயமன்று. வல்லூறு வளர்ப்பு அரபு நாடுகளில் நெடுங்கால மரபு. 2010-இல் யுனெஸ்கோ அதைப் பல நாடுகளின் பொதுப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அபுதாபியில் வல்லூறுகளுக்கென்றே பெரிய மருத்துவமனை ஒன்றும் இருக்கிறது. அந்த மரபைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மாலை நேரப் பாலைவனச் சுற்றுலாவில் நாம் சந்திக்கும் பறவை அந்த மரபின் செல்வம் அன்று. கண்மறைக்கும் தோல் தொப்பியோடு, காலில் வாரோடு, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் படத்துக்காக மாறிக்கொண்டே இருக்கும் களைத்த பறவை அது. திடீரென்று அது கையிலிருந்து பாய்ந்து பறக்க முயலும்; கால் வார் இழுத்துப் பிடிக்கத் தலைகீழாகத் தொங்கிச் சிறகடிக்கும். அந்த நேரத்தில் சிறகு பிள்ளையின் முகத்தில் அடிக்கும், பிள்ளை பதறிக் கையை உதறும், பறவையின் காலும் முறியலாம். வல்லூறு இனங்கள் கழுகைப் போலன்றி அலகாலும் கொல்லக் கூடியவை. மேல் அலகில் அதற்கென்று ஒரு பல்போன்ற முனை உண்டு. அந்த அலகை ஏழு வயதுப் பிள்ளையின் கன்னத்துக்கு அருகே கொண்டுவந்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறோம். பறவைக்கு ஓய்வு எப்போது, கை கழுவ இடம் எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கு அங்கே விடை கிடைக்காவிட்டால் விலகிவிடுவதுதான் முறை.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆபத்து அவ்வளவு குறைவு. 1855-இல் சென்னையில் தொடங்கி, 1985-இல் வண்டலூருக்கு மாறிய அந்தப் பூங்கா 602 ஹெக்டேர் பரப்புள்ளது. காரைக்குடியிலிருந்து பல்லவன் விரைவு ரயிலில் போய்த் தாம்பரத்தில் இறங்கினால் பூங்கா அருகில்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. வலைக்கு அப்பால் இருக்கும் பறவையால் நமக்குக் காயம் வராது. நம்மால் அதற்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கடமை. பூங்கா விலங்கைச் சீண்டுவதும் அதற்கு உணவு போடுவதும் கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டவை. குறை என்று சொன்னால், கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கழுகைப் பார்க்கும் பிள்ளைக்குக் கழுகு என்றால் என்ன என்பது முழுமையாகப் புரிவதில்லை. வானம் இல்லாத கழுகு பாதிக் கழுகுதான்.

இந்த மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு கவலை நோய்த்தொற்று. பறவைக் காய்ச்சல் இப்போது கோழிப் பண்ணையோடு நிற்கும் நோயாக இல்லை. 2025 ஜனவரியில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 வகைத் தொற்றால் இறந்தது உறுதியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் டெல்லி உயிரியல் பூங்கா, நாரைகளிடம் அத்தொற்று கண்டறியப்பட்டதால் மூடப்பட்டது. தொற்றுள்ள பறவையைத் தின்னும் வேட்டைப் பறவைக்கு அது எளிதில் பரவும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் எச்சத்திலும் பச்சை இறைச்சியிலும் இருக்கக் கூடியவை. காட்சி முடிந்ததும் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் இறகை நினைவுக்காக எடுத்துவரக் கூடாது. கீமோதெரபி எடுப்பவர், கருவுற்றிருப்பவர், ஆஸ்துமா உள்ள பெரியவர் ஆகியோர் தொலைவில் இருந்தே பார்க்கட்டும்.

காட்சிப் பறவைக்கு நேரும் ஆபத்தையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தே ஆக வேண்டும், பெரும்பாலோர் அதைச் சேர்ப்பதில்லை. பறந்துபோன பறவை காலில் வாரோடு மரத்தில் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாவது வேட்டைப் பறவை வளர்ப்போர் எல்லோரும் அஞ்சும் விபத்து. அதனால்தான் நல்ல பூங்காக்கள் பறக்கும்போது சிக்காத வார்களையும், இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கருவிகளையும் பொருத்துகின்றன. தப்பிய பறவை நகரத்தில் பிழைப்பதும் கடினம். 2023 பிப்ரவரியில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் கூண்டை யாரோ வெட்டித் திறந்ததால் வெளியேறிய ஃபிளாக்கோ என்ற கொம்பன் ஆந்தை, ஓராண்டு எலிகளைப் பிடித்துத் தின்று வாழ்ந்து, 2024 பிப்ரவரியில் இறந்தது. பிரேதப் பரிசோதனையில் அதன் உடலில் எலி மருந்து நஞ்சுகளும் புறாக்களிடமிருந்து வந்த வைரஸ் தொற்றும் இருந்தன. நம் ஊரிலும் வயல்களில் எலி மருந்து வைக்கிறோம். ஆந்தையும் வைரி என்ற சிறு வேட்டைப் பறவையும் தின்பது அந்த எலிகளைத்தான்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மண்ணுக்குரிய பருந்து, கழுகு, வல்லூறு, ஆந்தை எதையும் தனியார் பிடித்து வளர்ப்பதும் காட்சிக்கு வைப்பதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய அனைத்தும் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்போர் 2024-இல் வந்த விதிகளின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். எனவே திருமணத்துக்கோ பிறந்தநாளுக்கோ பள்ளி ஆண்டுவிழாவுக்கோ ஆந்தையோ பருந்தோ கொண்டுவந்து காட்டுவதாக யாராவது சொன்னால், பதிவுச் சான்றைக் கேளுங்கள். நம் ஊர்ப் பறவையாக இருந்தால் சான்று என்ற பேச்சுக்கே இடமில்லை; வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் வழி. செட்டிநாட்டில் பிறந்த பிள்ளை வேட்டைப் பறவையைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிடுகிறதா என்று ஊரே அண்ணாந்து பார்த்து நிற்கிறோம். கலசத்துக்கு நீர் சேரும் முற்பகல் வேளையில்தான் தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழுகிறது, அந்தக் காற்றில் சிறகடிக்காமலே செம்பருந்து வட்டமிட்டு உயர்கிறது. அன்று கைகூப்பிய பிள்ளைக்கு, மறுநாள் அதே பறவையை ஊருணிக்கரையில் காட்டி, வெண்மையான தலையையும் செங்கல் நிற முதுகையும் அடையாளம் சொல்லிக்கொடுத்தால், பக்தியும் அறிவும் ஒன்றுக்கொன்று இடையூறு செய்வதில்லை என்பது அதற்குத் தெரியவரும். வாலின் முனை கவடுபட்டிருந்தால் கரும்பருந்து. தோட்டத்து வேப்பமரத்திலிருந்து ஓணானைப் பிடிக்கப் பாய்ந்தால் வைரி. அந்தி மயங்கும் நேரத்தில் பழைய வீட்டு மாடத்திலிருந்து வெள்ளை முகம் காட்டினால் கூகை. பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் நம் பெரிய வீடுகள் கூகைக்கு நல்ல இருப்பிடம்; அதை அபசகுனம் என்று விரட்டாமல் விட்டால் எலித் தொல்லை குறையும்.

இன்னும் விரிவாகப் பார்க்க வேட்டங்குடி இருக்கிறது. திருப்பத்தூர் வட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களையும் சேர்த்து 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது; பரப்பு 38.4 ஹெக்டேர். பறவைகள் கலைந்துவிடும் என்று அந்தக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் முதலியவை அங்கே வந்து கூடு கட்டுகின்றன. அவையெல்லாம் வேட்டைப் பறவைகள் அல்லவே என்று கேட்கலாம். நாரைக் கூட்டம் குஞ்சு பொரிக்கும் இடத்தில் பருந்து வட்டமிடாமல் இருக்காது. பருந்தின் நிழல் விழுந்ததும் கண்மாய் முழுவதும் எப்படி எழுந்து கத்துகிறது என்பதைப் பிள்ளை ஒருமுறை பார்த்துவிட்டால், வேட்டைப் பறவை என்றால் என்ன என்பதை எந்த அரங்கமும் அதைவிடத் தெளிவாகக் கற்றுத்தர முடியாது.

இந்த வழியிலும் கவனம் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். கூடு காக்கும் பருந்து அருகே வருவோரின் தலையைக் குறிவைத்துப் பாயும். டெல்லியில் மாடியில் நிற்பவர்களைக் கரும்பருந்துகள் தாக்குவது ஆய்வாளர்கள் பதிவு செய்த செய்தி. கூடுள்ள மரத்தின் அடியில் நிற்காமலும், மொட்டைமாடியில் இறைச்சித் துண்டு வீசிப் பருந்தைப் பழக்காமலும் இருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. உண்மையில் கண்மாய்க்கரையில் பிள்ளைக்கு இருக்கும் ஆபத்து பறவையால் வருவதன்று: வழுக்கும் கரை, ஆழம் தெரியாத நீர், புதரில் பாம்பு, உச்சி வெயில். காலை ஆறரைக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிட்டால், மூடிய காலணியும் குடிநீரும் கூடவே ஒரு பெரியவரும் இருந்தால், இவற்றைச் சமாளித்துவிடலாம். செலவும் ஒரு வாடகை வண்டிக்கும் ஒரு தொலைநோக்கிக்கும் மேல் ஆகாது. குறை ஒன்று உண்டு, அதை ஒளிப்பது முறையன்று: பறவை வரும் என்ற உறுதி இல்லை. மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஆண்டில் வேட்டங்குடி வெறிச்சோடிக் கிடக்கும். அரங்கத்தில் பறவை நேரத்துக்கு வரும். கண்மாயில் நாம்தான் நேரத்துக்குப் போக வேண்டும்.

ஆகவே குடும்பத்துக்குக் குடும்பம் முடிவு இப்படி அமையலாம். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அரங்கக் காட்சியை விட்டுவிட்டு, பூங்காவின் நடைபாதைப் பறவைக் கூடங்களை மட்டும் பாருங்கள். ஆறிலிருந்து பத்து வயது வரை, சொன்ன சொல் கேட்டு அரைமணி நேரம் அசையாமல் உட்காரக் கூடிய பிள்ளையென்றால், பறக்கும் பாதைக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்துக் காட்சியைப் பார்க்கலாம். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. பெரிய பிள்ளைகளுக்குக் காட்சியைவிடப் பயிற்றுநரின் விளக்கப் பேச்சே கூடுதல் பயன் தரும். அப்பத்தாவுக்கும் ஐயாவுக்கும் படியேறும் சிரமத்தையும் திறந்தவெளி வெப்பத்தையும் பறவையைவிடப் பெரிய கவலையாக எடுத்துக்கொண்டு, நிழலுள்ள இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். துபாய் போகிற குடும்பம் வல்லூறைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கையில் ஏந்துவதைத் தவிர்க்கலாம்.

பள்ளிச் சுற்றுலாவாக இருந்தால் என் விடை மாறாது: நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வேட்டங்குடி. நாற்பது பிள்ளைகளை ஓர் ஆசிரியர் அரங்கத்தில் அசையாமல் வைத்திருப்பது நடக்காத காரியம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் கண்மாய்க்கரையில் பார்த்துக்கொள்வது நடக்கக் கூடியது. நாள் குறிக்கும் முன், கண்மாயில் நீர் இருக்கிறதா, பறவைகள் இறங்கிவிட்டனவா, பறவைக் காய்ச்சல் எச்சரிக்கை ஏதும் நடப்பில் உள்ளதா என்ற மூன்றையும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வண்டிக்கு முன்பணம் கொடுங்கள்.